கேள்வி இல்லாத படம்

தணிகைவேலின் படத்துக்கு வாசி முப்பத்தொரு கேள்வி கேட்டது. அவன் மனைவி தாட்சாயணியின் படத்துக்கு இரண்டே இரண்டு.

இருவரும் செம்பரை நகர நீர் வாரியத்தில் ஒரே அறையில் வேலை பார்த்தார்கள். கடல் உள்ளே வந்த ஊர்களிலிருந்து கிளம்பி வந்த நான்கு லட்சம் பேருக்காகக் கட்டிய நகரம் செம்பரை. அங்கே வால்வைத் திறக்க, மூட ஆட்கள் கிடையாது. கணினிக்கு நிரல் எழுதுகிறவர்களும் கிடையாது. அந்த வேலை ஒழிந்து பத்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது. பொறியாளர்கள் தாளில் பேனாவால் படம் வரைவார்கள். தொட்டிக்கு ஒரு கட்டம், பம்புக்கு ஒரு வட்டம், குழாய்க்கு ஒரு கோடு, தண்ணீர் போகும் திசைக்கு ஒரு அம்பு. வரைவாசி என்ற இயந்திரம் அதைப் படித்து, எது எதோடு சேர்ந்திருக்கிறது, எது நின்றால் எது நிற்கும் என்று தரவுக் கட்டமைப்பாக மாற்றிக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்தப் பகுதியின் தண்ணீர் அந்தப் படத்தின்படிதான் ஓடும். வரைவாசியை எல்லோரும் சுருக்கமாக வாசி என்றார்கள்.

வாசிக்குப் புரியாத இடம் இருந்தால் வரைந்தவரிடம் கேள்வி கேட்கும். இந்த அம்பு எங்கே முடிகிறது, இந்தக் கட்டம் தொட்டியா அறையா என்கிற மாதிரி. எத்தனை கேள்வி என்பது அறையின் சுவரில் பெயர்வாரியாகத் தெரியும். யாரையும் அவமானப்படுத்த வேண்டும் என்று அதை வைக்கவில்லை. எந்தப் படம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் வைத்தார்கள். ஆனால் ஒரு மாதத்துக்குள்ளேயே எல்லோரும் அதை மதிப்பெண் பட்டியல் மாதிரிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். கேள்வி குறைந்தவன் கெட்டிக்காரன்.

தணிகைவேல் நகரம் கட்டும்போதே சேர்ந்தவன். தாட்சாயணி ஆறு வருஷம் கழித்து வந்தாள். வந்த புதிதில் அவனைச் சார் என்று கூப்பிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகும் அலுவலகத்தில் சார்தான், வீட்டில் 'என்னங்க'. அவன் படம் வரைந்தால் அளவுகோல் வைத்து, கோணம் பார்த்து, அச்சடித்த மாதிரி இருக்கும். அவள் கோடுகள் நெளியும். கட்டங்கள் ஒருபக்கம் சாய்ந்திருக்கும். வீட்டில் பல் தேய்த்துக்கொண்டே காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கிறுக்கிக்கொண்டு வருவாள். வாசி அதை எடுத்துக்கொண்டு நாலு நிமிஷத்தில் முடித்துவிடும்.

ஒருநாள் அவன் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டான், உன் படத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நீங்க குழாய் எங்க இருக்குன்னு வரையறீங்க. நான் தண்ணி எங்க போகணும்னு வரையறேன். வாசிக்கு வேண்டியது ரெண்டாவதுதான்னு நினைக்கிறேன்" என்றாள்.

அவள் பெருமையாகச் சொல்லியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சண்டை போட்டிருக்கலாம். அவள் உப்பு போதுமா என்று கேட்பது மாதிரிச் சொன்னாள். சொல்லிவிட்டு, அவன் படத்தைத் தன் பக்கம் இழுத்து, இரண்டு இடங்களில் பென்சிலால் குறித்துக் கொடுத்தாள். அவள் சொன்னபடி மாற்றியதும் கேள்விகள் இருபத்தாறாகக் குறைந்தன. அன்று இரவு அவன் சாப்பாடு சரியில்லை என்றான்.

அதற்குப் பிறகு அவன் காலையில் அவளுக்கு முன்னால் கிளம்பிப் போகத் தொடங்கினான். சுவரில் அவள் பெயருக்கு எதிரே இருக்கும் எண்ணை முதலில் பார்த்துவிட வேண்டும். இரண்டு. ஒன்று. மூன்று. ஒருமுறை ஏழு என்றிருந்தது. அன்றைக்கு அவன் கேண்டீனில் ஜிலேபி வாங்கித் தின்றான். எதற்காகத் தின்கிறோம் என்று பாதி தின்ற பிறகுதான் அவனுக்கே புரிந்தது. மீதியையும் தின்றான்.

அவன் அண்ணன் மகள் கல்யாணத்தில், மாப்பிள்ளை வீட்டார் பக்கத்து வரிசைக்கு அண்ணனே தாட்சாயணியை அழைத்துப் போய் அறிமுகம் செய்தார். செம்பரைத் தண்ணியே இவங்க கையிலதான் என்றார். பக்கத்தில் நின்ற தம்பியைக் காட்டி, "இவரு வீட்டுக்காரர்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தணிகைவேலும் சிரித்தான். திரும்பும் வழியில் அவன் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தான். தாட்சாயணி அவனுக்குத் தலைவலியோ என்று பையிலிருந்து மாத்திரையை எடுத்து நீட்டினாள்.

அந்த ஏப்ரலில் ஒன்பதாம் வார்டுக்குப் புதுப் படம் தேவைப்பட்டது. அந்த வார்டில் இரண்டு பெரிய குழாய்கள் ஓடின. ஒன்று குடிநீர். மற்றது, கழிவுநீரை ஓரளவு சுத்தம் செய்து மரங்களுக்கும் பூங்காக்களுக்கும் அனுப்பும் மறுநீர்க் குழாய். வெயில் ஏறிக்கொண்டிருந்ததால் மறுநீரை இன்னும் வேகமாகத் தள்ள வேண்டியிருந்தது. அதற்கேற்ற படத்தைத் தாட்சாயணியிடம் ஒப்படைத்தார் தலைமைப் பொறியாளர் மெஹருன்னிசா. ஒவ்வொரு படத்தையும் இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அந்த இரண்டாவது பார்வை தணிகைவேலுக்கு வந்தது.

படம் வழக்கம்போல நெளிந்துதான் இருந்தது. சுவரில் அவள் பெயருக்கு எதிரே பூஜ்யம். வாரியத்தில் அதுவரை யாரும் பூஜ்யம் வாங்கியதில்லை. அறையில் இருந்தவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

தணிகைவேல் தன் திரையைத் திறந்தான். அதில் ஒரு கேள்வி இருந்தது.

'நீரேற்று நிலையத்தின் கிழக்கே இரண்டு கோடுகள் குறுக்கிடுகின்றன. இவை இணைகின்றனவா, கடந்து செல்கின்றனவா?'

அவள் படங்களின்மேல் வாசிக்கு அவ்வளவு நம்பிக்கை வந்துவிட்டது. சின்னச் சந்தேகங்களுக்கு அவளைத் தொந்தரவு செய்யாமல் இரண்டாவது பார்வையாளரிடம் கேட்டுக்கொள்ளத் தொடங்கியிருந்தது. அந்தக் கேள்விகள் அவள் கணக்கில் ஏறாது.

படத்தில் இரண்டு கோடுகள் குறுக்கிட்டால், அவை சேரும் இடத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். புள்ளி இல்லாவிட்டால் ஒன்றின்மேல் ஒன்று தாண்டிப் போகிறது என்று அர்த்தம். தாட்சாயணி புள்ளி வைத்திருக்கவில்லை. அவள் பார்த்து வரைந்த பழைய வரைபடத்திலும் அந்தப் புள்ளி மங்கிப் போயிருந்தது. ஆனால் தணிகைவேலுக்கு அந்த இடம் தெரியும். தீ விபத்து நடந்தால் உதவும் என்று, அங்கே இரண்டு குழாய்களையும் ஒரு சின்னக் குழாயால் இணைத்தார்கள். வெல்டிங் வைத்த அன்று அவன் பள்ளத்துக்குள் முழங்கால் சேற்றில் நின்றிருந்தான். நடுவில் ஒரு வால்வு உண்டு. மறுநீரின் வேகம் கூடினால் அது தாங்காது, மறுநீர் குடிநீரில் கலந்துவிடும். அங்கே இணைப்பு இருப்பது வாசிக்குத் தெரிந்தால் வேகத்தைக் கூட்டாது. தெரியாவிட்டால் கூட்டிவிடும்.

கேள்விக்குக் கீழே மூன்று பொத்தான்கள் இருந்தன. 'இணைகின்றன.' 'கடக்கின்றன.' 'படத்தில் உள்ளபடி.'

முதல் பொத்தானை அழுத்தினால் முடிந்தது. வாசி சத்தமில்லாமல் ஒரு புள்ளியைச் சேர்த்துக்கொள்ளும். யாருக்கும் தெரியாது. சுவரில் பூஜ்யம் அப்படியே இருக்கும். அந்தப் பூஜ்யம் தன்னால்தான் பூஜ்யமாக நிற்கிறது என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அந்த நினைப்பு வந்ததும் அவன் கை நின்றது. எழுந்து போய் டீ வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். பக்கத்து மேசையில் தாட்சாயணி யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

எப்படியும் மூன்று நாள் சோதனை ஓட்டம் உண்டு என்று அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான். சோதனையில் தண்ணீர் ஓடாது, கணக்கு மட்டும் ஓடும்; அதைப் பழைய பணி அறிக்கைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அங்கே தப்பு தெரிந்துவிடும். எல்லோருக்கும் தெரியும். அவளும் மனுஷிதான் என்று ஒருமுறையாவது தெரியட்டும். அதில் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

டீ முடிந்தது. அவன் 'படத்தில் உள்ளபடி' என்பதை அழுத்திக் கையெழுத்திட்டான். இது பொய் இல்லை, படத்தில் அப்படித்தான் இருக்கிறது.

மறுநாள் பகல் பதினொரு மணிக்கு மெஹருன்னிசா எல்லோரையும் கூப்பிட்டார். வெயில் எதிர்பார்த்ததைவிட மோசமாக இருக்கிறது, மரங்கள் கருகுகின்றன என்றார். ஒரு கேள்விகூட வராத படத்துக்குச் சோதனை ஓட்டம் எதற்கு, மாலை நான்கு மணிக்கே நடைமுறைக்கு வரட்டும் என்று முடிவு சொன்னார்.

நான்கு மணிக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. ஒரு வார்த்தை போதும். ஆனால் இப்போது சொன்னால், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். அவன் ஒரு மணிக்குச் சாப்பிட்டான். இரண்டு மணிக்கு மெஹருன்னிசாவின் அறை வாசல்வரை போய், யாரோ உள்ளே இருக்கிறார்கள் என்று திரும்பி வந்தான். வால்வு தாங்கினாலும் தாங்கும் என்று நினைத்துக்கொண்டான். நான்கு மணிக்கு அறையில் மறுபடி கை தட்டினார்கள்.

வால்வு ஒன்றரை நாள் தாங்கியது.

ஒன்பதாம் வார்டில் இருநூற்று அறுபது பேர் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக மருத்துவமனையில் சேர்ந்தார்கள். பெரும்பாலானவர்கள் ஒரு வாரத்தில் வீடு திரும்பினார்கள். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் செய்த பவுனம்மாள் திரும்பவில்லை. அவருக்கு ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு. நாலாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

காரணத்தைக் கண்டுபிடிக்க அரைநாள்கூட ஆகவில்லை. பள்ளம் தோண்டியதும் சின்னக் குழாய் தெரிந்தது; படத்தில் புள்ளி இல்லாததும் தெரிந்தது. விசாரணையில் தாட்சாயணி எதையும் மறுக்கவில்லை. புள்ளி வைக்காதது நான்தான், பழைய படத்தில் மங்கியிருந்தால் நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை என்றாள். இரண்டாவது பார்வையாளர் என்று தணிகைவேலையும் கூப்பிட்டார்கள். அவன் கவனிக்கவில்லை என்றான். கேள்வி ஏதும் வராத படத்தை யார்தான் கூர்ந்து பார்ப்பார்கள் என்று விசாரித்தவர்களே அவனுக்காகப் பேசினார்கள். அவனுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவளைப் பணியிடை நீக்கம் செய்தார்கள்.

கடைசி நாள் அவள் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது பவுனம்மாளின் கணவர் சின்னையன் வந்தார். மோட்டார் பட்டறை வைத்திருக்கிறவர். கையில் கிரீஸ் கறை. சத்தம் போட வந்திருக்கிறார் என்று எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவர் சத்தம் போடவில்லை. படம் போட்டது யார் என்று கேட்டார். தாட்சாயணி முன்னால் வந்தாள்.

"எந்த எடம்னு காட்டும்மா" என்றார்.

அவள் படத்தை விரித்து விரலை வைத்தாள். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இங்க என்ன இருந்திருக்கணும்?"

"ஒரு புள்ளி இருந்திருக்கணும்ணே."

"புள்ளின்னா? பேனாவால வைக்கிற புள்ளியா?"

"ஆமாண்ணே."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் ஒருத்தர் கண்ணிலும் படவில்லையா என்று கேட்டார். அதட்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார். தாட்சாயணி அழுதாள். தணிகைவேல் மூன்றடி தள்ளி நின்றிருந்தான். அவன் போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். சின்னையன் அந்தத் தம்ளரைப் பார்த்தார். வாங்காமல் போய்விட்டார்.

அதற்குப் பிந்தைய இரண்டு மாதங்களில் தணிகைவேல் நல்ல கணவனாக இருந்தான். காலையில் அவளுக்கு இட்லி ஊற்றி வைத்துவிட்டுக் கிளம்பினான். அவள் துவண்டு உட்கார்ந்தால் பக்கத்தில் உட்கார்ந்து தேற்றினான். அவளுடைய அம்மா போனில், உங்களை மாதிரி யார் பார்த்துக்கொள்வார்கள் மாப்பிள்ளை என்றார். அப்படிக் கேட்பது அவனுக்கு இதமாக இருந்தது. இரவில் பவுனம்மாளின் பெயர் நினைவுக்கு வந்து வியர்க்கும். விடிந்ததும், சுவரில் தாட்சாயணி பெயர் இருந்த வரி காலியாக இருப்பதைப் பார்ப்பான். அந்தக் காலி இடம் அவனுக்குப் பிடித்திருந்தது. அதுதான் உண்மை.

இன்னொன்றும் நடந்தது. அவனுடைய எண் இறங்கத் தொடங்கியது. விபத்து நடந்த வாரத்தில் இருபத்தெட்டு. பிறகு பதினாறு. பிறகு ஆறு. அவன் தன் முறையை மாற்றவே இல்லை. அதே அளவுகோல், அதே கோணம். கடைசியில் வாசிக்குத் தன் கை பிடிபட்டுவிட்டது என்று நினைத்தான். ஜூன் மாதக் கடைசியில் ஒருநாள் காலை அவன் பெயருக்கு எதிரே பூஜ்யம் இருந்தது. இந்த முறை யாரும் எழுந்து நின்று கை தட்டவில்லை. போனமுறை தட்டியது எல்லோருக்கும் நினைவிருந்தது. அவன் அதைப் பொருட்படுத்தாமல் மெஹருன்னிசாவின் அறைக்குப் போனான். தென்பகுதி முழுவதற்கும் பொறுப்பாளர் பதவி காலியாக இருந்தது. அது தனக்கு வேண்டும் என்று கேட்டான்.

மெஹருன்னிசா அவனை உட்காரச் சொன்னார். அந்த விபத்துக்குப் பிறகு, பூஜ்யம் என்றால் ஏன் என்று கேட்காமல் விடுவதில்லை என்றார். வாசியிடம் காரணம் கேட்டார். பதில் திரையில் வந்தது. அவர் படித்துவிட்டு, திரையை அவன் பக்கம் திருப்பினார்.

'இவருடைய படங்களில் சராசரியாக இருபத்தொன்பது ஐயங்கள் உள்ளன. இவரிடம் கேட்பதால் விடை கிடைப்பதில்லை. எனவே நிரஞ்சனிடம் கேட்கப்படுகிறது.'

நிரஞ்சன் பக்கத்து அறைக்காரர். இரண்டு மாதமாக வேலை கூடிப்போய்விட்டது என்று அவர் புலம்பிக்கொண்டிருப்பதாக மெஹருன்னிசா சொன்னார். காரணம் இப்போதுதான் தெரிகிறது என்றார்.

"விடை கிடைக்கலைன்னா என்ன அர்த்தம் மேடம்? கேட்டதுக்கெல்லாம் நான் பதில் சொல்லியிருக்கேனே."

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன். அதுக்கு எதையும் யூகிக்கத் தெரியாது, தணிகைவேல். ஒருத்தர் சொன்ன பதில் பிறகு சரியா இருந்துச்சா, தப்பா இருந்துச்சான்னு மட்டும்தான் பார்க்கும். தெரியாம தப்பாச் சொன்னவங்க மேல கொஞ்சம் நம்பிக்கை குறையும், அவ்வளவுதான். தெரிஞ்சவர் ஒருத்தர் தப்பாச் சொன்னா..." அவர் திரையில் கீழே போனார். "எந்தத் தேதியிலேர்ந்துன்னு போட்டிருக்கு. ஏப்ரல் பதினேழு."

ஒன்பதாம் வார்டுப் படத்தில் அவன் கையெழுத்திட்ட நாள் அது. அந்தப் படத்தின் கோப்பில் வாசி கேட்ட கேள்வி இல்லை. எதையும் மாற்றாத பதில் என்பதால் அங்கே பதிவாகவில்லை, விசாரணைக்குழுவும் பார்க்கவில்லை. ஆனால் ஆட்களின் பதில்களை வாசி தனியாக வைத்திருந்தது. அந்த இணைப்பை வைத்தபோது தணிகைவேல் எழுதிக் கையெழுத்திட்ட பணி அறிக்கையையும், விபத்துக்குப் பிறகு தேடி எடுத்து அதன் பக்கத்திலேயே வைத்திருந்தது.

"அன்னிக்கு உங்ககிட்ட என்ன கேட்டுச்சு?" என்றார் மெஹருன்னிசா.

அவர் அதைத் திறந்து படிக்க ஒரு நிமிஷம் போதும். அவர் திறக்கவில்லை, காத்திருந்தார். தணிகைவேல், முதலில் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்றான். அவர் சரி என்றார்.

பட்டப்பகலில் அவன் வீடு திரும்பியதைப் பார்த்துத் தாட்சாயணி பயந்துபோனாள். அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே சொன்னான். கேள்வி, மூன்று பொத்தான்கள், மறுநாள் பதினொரு மணி, மெஹருன்னிசாவின் அறை வாசல், எல்லாம்.  அவன் முடித்த பிறகு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தக் கேள்வி வந்ததும் எவ்வளவு நேரம் யோசிச்சீங்க?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "ஒரு டீ குடிக்கிற நேரம்" என்றான்.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் அவன் எல்லாவற்றையும் வாரியத்துக்கு எழுத்துமூலமாகக் கொடுத்தான். வேலை போனது, வழக்கு வந்தது. தாட்சாயணியை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார்கள். சுவரிலிருந்து எண்களை எடுத்துவிட்டால் வருகிறேன் என்றாள். எடுத்துவிட்டார்கள். சின்னையனிடம் தணிகைவேலே போய்ச் சொன்னான். அவர் பட்டறையில் வேலையை நிறுத்தாமல் கேட்டார். பிறகு, அந்தம்மாகிட்ட நான் அப்படிக் கேட்டது தப்பு, அதை மட்டும் சொல்லிடுங்க என்றார். அவனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

தாட்சாயணி அவனை விட்டுப் போகவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை. அவன் ஹாலில் படுத்துக்கொண்டான்.

தீர்ப்புச் சொல்லும் நாளில் அவள் அவனோடு நீதிமன்றத்துக்கு வந்தாள். வராந்தா பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மடியில் தென்பகுதிப் படம். அந்தப் பொறுப்பு இப்போது அவளுடையது. ஒவ்வொரு குறுக்குக் கோட்டையும் நேரில் போய்ப் பார்த்து வந்திருந்தாள். நேரம் போகாமல் பென்சிலால் ஏதோ திருத்திக்கொண்டிருந்தாள். நெளிந்த கோடுகள்தான். ஆனால் நாற்பது தெருக்களின் தண்ணீர் எங்கே கிளம்பி எங்கே போகிறது என்று ஒரே பார்வையில் தெரிந்தது. தணிகைவேல் பார்த்துக்கொண்டே இருந்தான். நெஞ்சுக்குள் அந்தப் பழைய எரிச்சல் வந்தது. இத்தனைக்குப் பிறகும், இந்த இடத்தில்கூட வந்தது.

"தாட்சா" என்றான். "இப்பவும் எனக்கு உன்மேல பொறாமையா இருக்கு."

அவள் பென்சிலை நிறுத்தினாள். அவன் முகத்தைப் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது, இப்போது பார்த்தாள்.

"அன்னிக்கு டீ வாங்கப் போகும்போது, என் மேசைக்கு வந்து இதைச் சொல்லியிருக்கலாமே" என்றாள். "ஒரு நாள் கோவிச்சுட்டு இருந்திருப்பேன். அவ்வளவுதானே."

உள்ளேயிருந்து அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்தான். அவளும் படத்தை மடித்துக்கொண்டு எழுந்தாள்.